கேளுங்க சொல்றேன்: அயர்லாந்துக்குப் போனவங்க கையில பேனா

போன இதழ்ல இதே பக்கத்துல ஒரு ஓரமா, அயர்லாந்துல அகதி விடுதியில இருந்துக்கிட்டே கதை எழுதின ஒரு நைஜீரியா அம்மாவைப் பத்தி நாலு வரி போட்டிருந்தேன். அதுக்கு இம்புட்டு கேள்வி வந்து குவியும்னு யாரு கண்டா, மதுரையில தெருவுக்கு நாலு வீட்டுப் பிள்ளைக வெளிநாட்டுல இருக்கிறதால இருக்கும், போஸ்ட் கார்டுலேர்ந்து வாட்ஸ்அப் வாய்ஸ் வரைக்கும் எல்லாம் அங்கிட்டுத்தான் போய் நிக்குது. அதனால இந்தத் தடவை பக்கம் பூராவும் அதுக்கே. சினிமா கேள்வி அனுப்பினவங்க கோவிச்சுக்கிடாதீங்க, அடுத்த இதழ்ல வச்சுக்கிருவோம்.

மேலூர், கல்லூரி மாணவி: அந்த எழுத்தாளர் யாருங்க? அகதி விடுதியில உக்காந்து எப்படிக் கதை எழுத முடிஞ்சுச்சு?

பேரு மெலாட்டு உச்சே ஒகோரி. 2006ல அயர்லாந்துக்கு வந்து அடைக்கலம் கேட்டு மனு போட்டாங்க, அப்புறம் எட்டரை வருஷம் விடுதி வாழ்க்கை. அந்த ஏற்பாட்டுக்கு டைரக்ட் புரொவிஷன்னு பேரு, 2000ல ஆரம்பிச்சது. கையில காசா குடுக்காம தங்க இடமும் மூணு வேளை சாப்பாடும் குடுத்துருவோம், ஆறு மாசத்துல மனு முடிஞ்சுரும்னுதான் கணக்கு. கேக்குறதுக்கு நல்லாத்தான் இருக்கு. ஆனா பெரும்பாலான விடுதிகளை நடத்துறது தனியார் கான்ட்ராக்ட்காரங்க, பழைய ஹோட்டல், பழைய ஹாஸ்டல், மீத் கவுண்டியில (கவுண்டின்னா நம்ம மாவட்டம் மாதிரி) மாஸ்னினு ஒரு இடம், ஒரு காலத்துல குடும்பம் குடும்பமா லீவுக்குப் போய் ஆடிப்பாடிட்டு வந்த ஹாலிடே கேம்ப், அதையும் இதுக்கு எடுத்துக்கிட்டாங்க. ஆறு மாசம் ஆறு வருஷம் எட்டு வருஷம்னு இழுத்துச்சு. பெரியாளுக்கு வாரக் கைச்செலவு 19.10 யூரோ, 2017 வரைக்கும் அதுல ஒரு பைசா ஏறல. வேலைக்கும் போகக்கூடாது. அந்தத் தடை அரசியல் சட்டத்துக்கு ஒத்துவராதுன்னு 2017ல அங்கத்த சுப்ரீம் கோர்ட் சொன்ன பிறகுதான் 2018லேர்ந்து கொஞ்சம் கொஞ்சமா வேலைக்கு விட்டாங்க.

இதுக்கு நடுவுலதான் அவங்க டிரினிட்டி காலேஜ்ல படைப்பிலக்கியத்துல எம்.ஃபில் முடிச்சாங்க. 2018ல 'திஸ் ஹாஸ்டல் லைஃப்'னு புத்தகம் வந்துச்சு. மூணே மூணு கதைதான், ஒல்லிப் புத்தகம். தலைப்புக் கதையில பெருசா ஒண்ணும் நடக்காது, விடுதிப் பொம்பளைக வாரச் சாமான் வாங்க வரிசையில நிக்கிறாங்க, பேசுறாங்க, முறைச்சுக்கிறாங்க, அம்புட்டுத்தான். நம்ம ரேஷன் கடை வாசல்ல பருப்பு வந்துருச்சா, பாமாயில் எப்ப வரும், முன்னாடி நிக்கிறவளுக்கு மட்டும் எப்படி ரெண்டு பாக்கெட்டுன்னு ஒரு பேச்சு ஓடுமே, அதேதான். கதை சொல்றது காங்கோவுலேர்ந்து வந்த ஒரு பொம்பளை. அவ பேசுற இங்கிலீஷ் பள்ளிக்கூட இங்கிலீஷ் இல்ல, பத்து நாட்டு ஆளுக ஒரே கூரைக்குக் கீழ கெடந்தா தன்னால ஒரு பேச்சு முளைக்கும்ல, அது. அதைத் திருத்தாம அப்படியே அச்சுல ஏத்தினதுதான் அந்தப் புத்தகத்தோட தெம்பு.

ஆனா எனக்கு ரொம்பப் பிடிச்சது அதுல இன்னொரு கதை. ஒரு கறுப்பினப் பொண்ணு எழுத்தாளர் வட்டத்துல தன் கதையை வாசிக்கிறா. கேட்டவங்க ஆளாளுக்கு அதை எப்படி மாத்தலாம்னு யோசனை சொல்றாங்க. அவ பட்டதை அவ எழுதியிருக்கா, அது இப்படி இருந்தா நல்லாயிருக்கும்னு படாதவங்க பாடம் எடுக்குறாங்க. இலக்கியக் கூட்டத்துக்குப் போய் டீயும் பிஸ்கட்டும் சாப்பிட்டுட்டு வந்த யாருக்கும் அந்தக் காட்சி சுருக்குனு குத்தும். பாதி கேள்விக்குப் பதில் அங்கேயே இருக்கு தாயி, மிச்சத்தைக் கீழ பாருங்க.

திருநகர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்: அயர்லாந்து விடுதியை விடுங்க. நம்ம ஆனையூர்ல, உச்சப்பட்டியில, திருவாதவூர்ல இலங்கைத் தமிழர் முகாம் இருக்கே. அங்கேயிருந்து ஏன் இப்படி ஒரு புத்தகம் வரலை?

சார், முகாம்லேர்ந்து எழுதுறவங்க இல்லாம இல்ல, தேடிப் படிக்கிறவங்கதான் கம்மி. 1983 கலவரத்துக்குப் பிறகு அலை அலையா வந்தவங்க, முகாம்லயே பிறந்து அங்கேயே கல்யாணம் முடிச்சு பேரன் பேத்தி எடுத்தவங்க இருக்காங்க. அகதி முகாம்ங்கிற பேரை 2021ல மறுவாழ்வு முகாம்னு மாத்தினாங்க, புது வீடும் கட்டிக் குடுக்குறாங்க, நல்ல விஷயம். ஆனா இங்க ஒரு வேடிக்கை பாருங்க. பாரிஸுக்கும் டொரண்டோவுக்கும் போன ஈழத்து எழுத்தாளர்களை நாம தலையில வச்சுக் கொண்டாடுறோம், புலம்பெயர் இலக்கியம்னு பாடத்திட்டத்துல கூட வருது, தமுக்கத்துல புத்தகத் திருவிழா போட்டா அவங்க புத்தகத்தைத் தேடி வாங்குறோம், அதே தமுக்கத்துலேர்ந்து டவுன் பஸ் ஏறினா போயிரலாம்ங்கிற தூரத்துல ஆனையூர்ல ஒரு பையன் நோட்டுல கதை எழுதி வச்சிருந்தா அது எந்த ஆபீஸ் மேசைக்குப் போகும், யாரு படிப்பா, சொல்லுங்க பாப்போம். தூரத்துல போய் எழுதினா இலக்கியம், பக்கத்துல இருந்து எழுதினா மனு. இப்படித்தான் ஆகிப்போச்சு.

அயர்லாந்துக்காரங்க நம்மளவிட இளகின மனசுக்காரங்கன்னு நான் சொல்ல வரல. அங்க நடந்தது வேற. 2000ல மெட்ரோ ஏரன்னு ஒரு பத்திரிகை டப்ளின்ல ஆரம்பிச்சுச்சு, ஆரம்பிச்சது ரெண்டு நைஜீரியப் பத்திரிகையாளர்கள், வெளியூர்லேர்ந்து வந்து குடியேறினவங்களுக்குன்னே. ரோடி டாயில்னு பேர்பெற்ற ஐரிஷ் நாவலாசிரியர், அவரு அதுல தொடர்கதை எழுதினாரு, அதாவது உள்ளூர்ப் பெரிய தலை வந்தவங்க பத்திரிகையைத் தேடிப் போய் எழுதினாரு. அப்புறம் 2017ல ஸ்கெய்ன் பிரஸ்னு ஒரு சின்னப் பதிப்பகம், ஓரத்துல நிக்கிறவங்க எழுத்தை முன்னாடி கொண்டாரணும்ங்கிறதுதான் அவங்க வேலையே. ஒகோரி புத்தகத்தைப் போட்டது அவங்கதான். அந்தப் பதிப்பகமும் ஸ்டிங்கிங் ஃப்ளைன்னு ஒரு இலக்கியப் பத்திரிகையும் சேந்து ப்ளே இட் ஃபார்வர்டுனு ஒரு உதவித்தொகைத் திட்டம் கொண்டு வந்தாங்க, அதை யோசிச்சுத் தொடங்கினது நிதி ஸாக் ஆரியா ஐப்னு இந்தியாவுல பிறந்த ஒரு கவிஞர், 2021ல அவங்க கவிதைத் தொகுப்பை லண்டன் ஃபேபர் பதிப்பகம் போட்டுச்சு. எது அச்சுக்குப் போகணும்னு முடிவு பண்ற நாற்காலியிலேயே வந்தவங்க உக்காந்தாச்சு, கவனிச்சீங்களா. நம்மகிட்ட இல்லாதது அந்த நாற்காலிதான் சார்.

செல்லூர், விசைத்தறித் தொழிலாளி: வெள்ளைக்கார ஊர்ல கறுப்பா இருக்குறவன் எத்தனை வருஷம் இருந்தாலும் அந்த ஊர்க்காரன் ஆக முடியுமாண்ணே?

டப்ளின்ல கிராஃப்டன் ஸ்ட்ரீட்னு பெரிய கடைத்தெரு, நம்ம மாசி வீதி மாதிரி ஜனம் நெரியும். அதை ஒட்டி ஹாரி ஸ்ட்ரீட்டுன்னு ஒரு சின்னத் தெருவுல ஒரு வெண்கலச் சிலை நிக்குது, ஒல்லியான ஆளு, சுருள்முடி, பக்கத்துல பேஸ் கிட்டார். ஃபில் லைனட். தின் லிஸ்ஸிங்கிற ராக் குழுவோட தலைவர். அம்மா டப்ளின்காரங்க, அப்பா அப்ப பிரிட்டிஷ் கயானான்னு சொன்ன ஊர்க்காரர், இவரு 1949ல இங்கிலாந்துல பிறந்து டப்ளின் கிரம்லின்ல பாட்டி வீட்டுல வளந்தவரு. தெருவுல இவரு ஒருத்தர்தான் கறுப்புங்கிற காலம் அது. அவரு என்ன பண்ணாரு தெரியுமா, அயர்லாந்தோட பழைய நாட்டுப்பாட்டு ஒண்ணை எடுத்து ராக்காப் பாடி ஹிட்டாக்கினாரு, ஐரிஷ் புராண வீரன் மேல பாட்டு எழுதினாரு. 1986ல செத்துப்போனாரு, 2005ல சிலை வச்சாங்க. இன்னைக்கு டப்ளின்காரன் எவன்கிட்ட கேட்டாலும் எங்க ஆளும்பான்.

செல்லூர்லேர்ந்து இந்தக் கேள்வி வந்ததால இன்னொண்ணும் சொல்லணும். முனிச்சாலைப் பக்கம் 2023ல டி.எம்.எஸ் சிலை திறந்தாங்கல்ல. எப்பவோ வடக்கேயிருந்து பட்டு நெய்ய வந்து மதுரையில தங்கிட்ட சௌராஷ்டிர சனத்துல பிறந்தவரு, வீட்டுல வேற பாஷை, ஆனா எம்ஜிஆருக்கும் சிவாஜிக்கும் தமிழ்க் குரல் அவரு குரல்தான். தமிழ் உச்சரிப்பு எப்படி இருக்கணும்னா டி.எம்.எஸ்ஸைக் கேளுன்னு சொல்ற ஊரு இது. வந்து எத்தனை தலைமுறை ஆச்சுங்கிறதுல இருக்கு எல்லாம், அதோட பாட்டும் நல்லா இருக்கணும்.

ஆனா சட்டம் பாட்டு கேட்டு மயங்காது தம்பி. அயர்லாந்துல பிறந்தாலே குடியுரிமைன்னு இருந்ததை 2004ல வாக்கெடுப்பு நடத்தி மாத்திட்டாங்க, கிட்டத்தட்ட 79 சதவீதம் பேர் மாத்தச் சொல்லி ஓட்டுப் போட்டாங்க. அதுக்கப்புறம் அங்கேயே பிறந்தாலும் பெத்தவங்க எத்தனை வருஷம் சட்டப்படி குடியிருந்தாங்கன்னு கணக்குப் பாத்துத்தான். ஃபில் லைனட்டுக்குச் சிலை வச்சதுக்கு முந்தின வருஷம்தான் அந்த ஓட்டு.

உசிலம்பட்டி, ஒரு அம்மா: என் மக நர்சா கால்வேயில இருக்கா. அங்க இந்தியாக்காரங்களை அடிக்கிறாங்கன்னு டிவியில பாத்து தூக்கமே இல்ல. இந்த நேரத்துல கவிதை கதைன்னு எழுதுறீங்களே?

நீங்க கேக்குறது நியாயம்க்கா, சுத்தி வளைக்காம சொல்றேன். 2025 ஜூலையில டப்ளினை ஒட்டின டாலாட்ல ஒரு இந்தியரை ஒரு கும்பல் அடிச்சு துணியையும் உருவி விட்டுச்சு, அதைத் தொடந்து இன்னும் சம்பவங்க நடந்துச்சு, ஆகஸ்ட் 1ஆம் தேதி இந்தியத் தூதரகமே அறிக்கை விட்டுச்சு, ஆளில்லாத இடத்துக்கு, அதுவும் அகால நேரத்துல போகாதீங்கன்னு. பொய்ச் செய்தி இல்ல. 2023 நவம்பர்ல டப்ளின் நடுவூர்லயே கலவரம் நடந்துச்சு, பஸ்ஸை எரிச்சாங்க. அதே சமயம் 2022 சென்சஸ்படி அங்க இருக்குற ஜனத்துல அஞ்சுல ஒருத்தர் வெளிநாட்டுல பிறந்தவங்க, இந்தியக் குடியுரிமை வச்சிருக்கிறவங்க மட்டும் 45,000க்கு மேல, ஆஸ்பத்திரி ஓடுறதே இவங்களாலதான். அப்ப ஜனாதிபதியா இருந்த மைக்கேல் டி. ஹிக்கின்ஸ், அவரே ஒரு கவிஞர்தான், இந்தத் தாக்குதலைக் கேவலம்னு வெளிப்படையாக் கண்டிச்சாரு, இந்திய டாக்டர் நர்சுகளுக்கு நாடு கடன்பட்டிருக்குன்னு சொன்னாரு. மகளை ராத்திரி ஷிப்டு முடிஞ்சா கூட வேலை பாக்குறவங்களோட சேந்து வரச் சொல்லுங்க, சம்பவம் எதாவதுன்னா 999க்கோ 112க்கோ போன் பண்ணச் சொல்லுங்க, அங்க போலீசுக்குக் கார்டான்னு பேரு.

இதுல கவிதை எதுக்குன்னா, அடிபட்ட ஆளு மறுநாள் செய்தியில ஒரு இந்தியர், அவ்வளவுதான், பேரு கூட வராது. ஊர்க்காரன் இவங்களை ஆஸ்பத்திரியில பாக்குறான், டெலிவரி பையோட பாக்குறான், இவங்க என்ன நெனைக்கிறாங்கன்னு அவனுக்கு எங்கேயிருந்து தெரியும்? இத்தனைக்கும் அந்த ஊரே கப்பலேறின ஊரு. 1845லேர்ந்து வந்த உருளைக்கிழங்குப் பஞ்சத்துல பத்து லட்சம் பேர் செத்தாங்க, இன்னொரு பத்து லட்சம் பேர் அமெரிக்கா, இங்கிலாந்துன்னு போனாங்க, அங்க போய் நாய்படாத பாடு பட்டாங்க. அன்னைக்குக் குறைஞ்ச ஜனத்தொகை, தீவு பூராவும் சேத்தாலும் இன்னும் பழைய கணக்குக்கு ஏறல. நம்ம தாது வருஷப் பஞ்சத்துக்கு முப்பது வருஷம் முன்னாடி அவங்க பஞ்சம், நம்மாளுக கண்டிக்கும் பர்மாவுக்கும் போன மாதிரித்தான் அவங்களும் போனாங்க. அந்த ஞாபகம் பாட்டுல இருக்கு, பக்கத்து வீட்டுக்காரனைப் பாக்குறப்ப வரமாட்டேங்குது. இது அவங்க ஊர் வியாதி மட்டும் இல்லைங்கிறது உங்களுக்கும் தெரியும் எனக்கும் தெரியும், ஹைவே கடையில சப்ளை பண்ற வடக்கத்திப் பையனை நாம எந்தப் பேரு சொல்லிக் கூப்பிடுறோம்.

அண்ணாநகர், ஐடி ஊழியர்: ப்ரோ, புத்தகமெல்லாம் ஓகே, மியூசிக்ல யாரு? ஒரு ப்ளேலிஸ்ட் மாதிரி சொல்லுங்க.

லிமரிக்னு ஒரு ஊரு, அயர்லாந்துலயே மேற்குப் பக்கம், அங்கிட்டுத் தேடுங்க தம்பி. ஜிம்பாப்வேயில பிறந்த காட் நோஸ், டோகோவுல பிறந்த முர்லி, கூட ஒரு ஐரிஷ் பீட் தயாரிப்பாளர், மூணு பேரும் ருசாங்கானோ ஃபேமிலின்னு ஒரு குழு. அந்த நாட்டுல வருஷத்துச் சிறந்த ஆல்பத்துக்குக் குடுக்குற சாய்ஸ் மியூசிக் பிரைஸ், 2016 ஆல்பத்துக்கு இவங்களுக்குத்தான். அப்புறம் டெனிஸ் சைலா, ஜாம்பியாவுல பிறந்து சின்னப் புள்ளையில அயர்லாந்து வந்தவங்க, 2020ல வந்த அவங்க மிக்ஸ்டேப்புக்கும் அதே பரிசு. இவங்க பேரை ஆளாளுக்குக் கடிச்சுத் துப்புறதையே ஒரு பாட்டாப் போட்டு, கூட்டம் பூரா சரியா கத்துற மாதிரி பண்ணிட்டாங்க. மீனாட்சிசுந்தரம்னு பேர வச்சுக்கிட்டு ஆபீஸ் மீட்டிங்ல மீனுன்னு கூப்பிடச் சொல்ற ஆளுக அதை ஒரு தடவை கேட்டுப்பாருங்க.

இவங்க யாரும் அழுது பாடல, அதான் எனக்குப் பிடிச்சது. ஊரு லிமரிக்னு நெஞ்சை நிமித்திச் சொல்லிட்டுப் பாடுறாங்க. ஃபெலிஸ்பீக்ஸ்னு ஒரு கவிஞர், நைஜீரியக் குடும்பம், லாங்ஃபோர்டுல வளந்தவங்க, மேடையில நின்னு கவிதை சொல்றவங்க, அம்மாக்களைப் பத்தி அவங்க எழுதின கவிதை பள்ளி இறுதித் தேர்வுப் பாடத்துலயே வந்துருச்சு. பதினெட்டு வயசுப் பிள்ளைக பரீட்சைக்கு அந்த நாட்டு மகாகவி யேட்ஸைப் படிக்கிற மாதிரி இதையும் படிக்கணும். நெட்டுரு போட்டாவது படிக்கட்டும், பரவாயில்ல.

குன்னத்தூர் சத்திரம், புத்தகக் கடைக்காரர்: தமிழ்நாட்டுலேர்ந்து போய் அங்க எழுதினவங்க யாராவது?

காவேரி மாதவன். சென்னையிலேர்ந்து போனவங்க, கில்டேர் கவுண்டியில குடும்பத்தோட இருக்காங்க, இங்கிலீஷ்ல எழுதுறாங்க. முதல் நாவல் 2001ல, டப்ளின் ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போற இந்திய டாக்டரைப் பத்தி. சரி, போனவங்க முதல்ல எழுதுறது அதுதான். 2020ல வந்த நாவல், பிரிட்டிஷ் ராணுவத்துல இந்தியாவுல இருந்த ஐரிஷ் சிப்பாய்ங்க, ஆங்கிலோ இந்தியக் குடும்பங்க பத்தினது. அதுக்குப் பின்னாடி நிஜ சம்பவம் இருக்கு, 1920ல ஜலந்தர்ல கன்னாட் ரேஞ்சர்ஸ்ங்கிற ஐரிஷ் படை, எங்க ஊர்ல நீங்க அராஜகம் பண்றப்ப உங்களுக்காக நாங்க துப்பாக்கி தூக்க மாட்டோம்னு வெள்ளைக்காரனுக்கு எதிரா நின்னுச்சு, ஜேம்ஸ் டேலிங்கிற சிப்பாயைச் சுட்டுக் கொன்னாங்க. 2024ல அவங்க எழுதின நாவலைத்தான் நான் எல்லாருக்கும் சொல்வேன், அதுல இந்தியா மையமே இல்ல, கதை அயர்லாந்தோட தென்மேற்கு மூலையில நடக்குது, நானூறு வருஷத்துக்கு முன்னாடி தோத்துப் போய் குளிர்ல நடந்தே போன ஐரிஷ் குலத் தலைவன் ஒருத்தனோட சரித்திரம் அதுக்குள்ள ஓடுது. சென்னைப் பொண்ணு அயர்லாந்துக்காரன் பூட்டன் கதையை எழுதுறா. அப்படி எழுத யாரும் லைசென்ஸ் குடுக்கல, அவங்களா எடுத்துக்கிட்டாங்க. குடியேறினவன் தன் கஷ்டத்தை மட்டும்தான் எழுதணும்னு பதிப்பாளரும் வாசகரும் சேந்து போட்ட வேலி ஒண்ணு இருக்கு பாருங்க, அதைத் தாண்டுறது இப்படித்தான்.

உங்க கடையில இந்தப் புத்தகம் கேட்டா கிடைக்குமான்னு நாலு பேரு எனக்கே போன் பண்ணுவாங்க, வரவழைச்சு வைங்க.

காந்தி மியூசியம் பக்கம் ஒத்திகை பாக்குற நாடகக்காரர்: மேடை நாடகம் உண்டா அங்க?

உண்டு, வம்பும் உண்டு. அங்கத்த தேசிய நாடக அரங்கு ஆபி தியேட்டர். 1907ல ஜே.எம். சிங்னு ஒரு ஐரிஷ் நாடகாசிரியர் (நம்ம பஞ்சாப் சிங் இல்ல) எழுதின நாடகம் ஒண்ணு அங்க போட்டப்ப ஜனம் ரகளை பண்ணுச்சு, அப்பனைக் கொன்னுட்டேன்னு சொல்லிட்டு ஒருத்தன் ஊருக்குள்ள வர்றான், ஊரே அவனை ஹீரோவாக்குதுன்னு கதை. நூறு வருஷம் கழிச்சு 2007ல அதே ஆபியில அந்த ஹீரோவை நைஜீரியாக்காரனா மாத்திப் போட்டாங்க. எழுதினது ரெண்டு பேரு, ஒருத்தர் மேல சொன்ன ரோடி டாயில், இன்னொருத்தர் பிசி அடிகுன். அடிகுன் 2003ல அரம்பேன்னு அயர்லாந்தோட முதல் ஆப்பிரிக்க நாடகக் குழுவைத் தொடங்கினவரு. நாடகம் நல்லாக் கூட்டம் கூடுச்சு. மறுபடி போட்டப்ப தன்னைக் கேக்காம எழுத்துல கை வச்சுட்டாங்கன்னு அடிகுன் கோர்ட்டுக்குப் போனாரு, வருஷக்கணக்கா இழுத்து கடைசியில சமரசமாச்சு. மேடையில நம்மளை ஏத்துறது ஒண்ணு, எழுத்து யாரு சொத்துங்கிறது இன்னொண்ணு. நாடகக்காரங்களுக்கு நான் சொல்லித் தரணுமா, பேப்பர்ல எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுட்டு ஒத்திகையை ஆரம்பிங்க.

சோழவந்தான், வாழை விவசாயி: எழுதுறவனுக்கு அங்க அரசாங்கம் காசு குடுக்குதாமே, நெசமா?

நெசம்தான். 2022ல ஒரு சோதனைத் திட்டம் போட்டு 2,000 கலைஞர்களுக்கு வாரத்துக்கு 325 யூரோ, மூணு வருஷத்துக்கு, என்ன எழுதின என்ன வரஞ்சன்னு கணக்குக் கேக்காம குடுத்தாங்க. அதுக்கு முன்னாடியே 1969லேர்ந்து எழுத்து, இசை, ஓவியத்துல வர்ற வருமானத்துக்கு வரிச் சலுகை இருக்கு, இப்ப அதுக்கு வருஷம் 50,000 யூரோ உச்சவரம்பு. வயித்தெரிச்சலாத்தான் இருக்கு. ஆனா அதே நாட்டுல விடுதியில இருக்குற அடைக்கலம் கேட்ட ஆளுக்குக் கைச்செலவு 2019ல ஏத்தினதுக்கு அப்புறமும் வாரம் 38.80 யூரோ. 325 எங்க, 38.80 எங்க. அந்த விடுதி முறையையே 2024 கடைசிக்குள்ள மூடிருவோம்னு 2021ல வெள்ளை அறிக்கை விட்டாங்க, உக்ரைன் போர் வந்து ஆளுக குவிஞ்சதும் அது அப்படியே நின்னு போச்சு.

கொடைரோடு, ரயில்வே ஊழியர்: அங்கேயிருந்து நம்ம ஊருக்கு வந்து எழுதினவங்க இல்லையா சார்?

உங்களுக்கு மேல மலையிலேயே ஒருத்தர் செத்துப்போயிருக்காரு. கால்டுவெல். ஸ்காட்லாந்துப் பெத்தவங்களுக்கு 1814ல அயர்லாந்துல ஆன்ட்ரிம் பக்கம் பிறந்தவரு, 1838ல மதராசுக்குக் கப்பல்ல வந்து, பிறகு திருநெல்வேலிச் சீமையில இடையன்குடியில குடியிருந்து, 1856ல திராவிட மொழிகளோட ஒப்பிலக்கணம் போட்டாரு, 1891ல கொடைக்கானல்ல காலமானாரு. மார்கரெட் கசின்ஸ்னு இன்னொரு ஐரிஷ் அம்மா, நம்ம தேசிய கீதத்துக்கு 1919ல மதனப்பள்ளியில உக்காந்து மெட்டை ஸ்வரப்படுத்தினவங்க, பிறகு மெட்ராஸ் அடையாறுதான் அவங்களுக்கு வீடு. இவங்ககிட்ட யாராவது, நீங்க ஊரை விட்டு வந்த சோகத்தைச் சொல்லுங்கன்னு கேட்டோமா? இலக்கணம் எழுதினாங்க, இசை எழுதினாங்க, நம்மளைப் பத்தியே நமக்குச் சொன்னாங்க, கேட்டுக்கிட்டோம். ஆளுற சாதியோட தோல் நிறத்துல வந்தா அந்த உரிமை கூடவே வந்துருது. நம்மாளு அங்கிட்டுப் போனா முதல் கேள்வியே ஏன் வந்த, என்ன கஷ்டம்.

மேலவாசல், சமூக சேவகி: அங்கேயே இருக்குற நாடோடி ஜனம் பத்தி?

ஐரிஷ் டிராவலர்கள். வெளியூர்லேர்ந்து வந்தவங்க இல்ல, அந்த மண்ணுக்காரங்கதான், நிறமும் வெள்ளைதான், இருந்தாலும் ஒதுக்கல் குறையில்ல. தனி இனம்னு அரசாங்கம் ஒத்துக்கிட்டதே 2017 மார்ச் 1ஆம் தேதிதான். நம்ம நரிக்குறவங்களுக்குப் பழங்குடிப் பட்டியல்ல இடம் 2023ல வந்துச்சு, அதுக்கும் ஆறு வருஷம் கழிச்சு. ஓய்ன் டிவார்டின்னு டிராவலர் சமூகத்து எழுத்தாளர் அவங்க வாய்வழிக் கதையெல்லாம் சேத்து 2020ல புத்தகம் போட்டாரு, பதிப்பிச்சது அதே ஸ்கெய்ன் பிரஸ்தான்.

அவனியாபுரம், ஒரு அப்பா: பொண்ணு எம்.எஸ் படிக்க டப்ளின் போகுது. தமிழ்ல கவிதை, கதை எழுதும். அங்க போய் விட்டுருமோன்னு பயமா இருக்கு.

விடாதுங்க, படிப்புக் கடன் தவணைதான் விட வைக்கப் பாக்கும். ஸ்டூடண்ட் விசாவுல வாரம் 20 மணி நேரம் வேலை பாக்கலாம், லீவுல 40, படிப்பு முடிஞ்சா வேலை தேட ரெண்டு வருஷம் வரை தங்கலாம். அதுல எழுதுற நேரத்தை அதுவாத்தான் திருடிக்கணும். போன முதல் வாரமே பப்ளிக் லைப்ரரியில கார்டு போடச் சொல்லுங்க, காசு கிடையாது, லேட்டாக் குடுத்தா ஃபைனும் 2019லயே எடுத்துட்டாங்க. பார்னெல் ஸ்கொயர்ல ஐரிஷ் ரைட்டர்ஸ் சென்டர் இருக்கு, ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வரட்டும். டெடலஸ் பிரஸ்னு ஒரு பதிப்பகம் 2019ல புது ஐரிஷ்காரங்க கவிதைன்னே ஒரு தொகுப்பு போட்டிருக்கு, எங்கெங்கேயிருந்தோ வந்தவங்க எழுதினது, லைப்ரரியில அதைக் கேட்டு எடுத்துப் படிச்சா அந்த ஊர்ல தனக்கு முன்னாடி யாரெல்லாம் நடந்திருக்காங்கன்னு தெரிஞ்சுக்கும். இங்கிலீஷ்ல எழுதணும்னு கட்டாயம் இல்ல, எழுதினா தப்பும் இல்ல, யாராவது உங்க நாட்டுக் கஷ்டத்தை எழுதேன்னு சொன்னா சிரிச்சுக்கிட்டே தலையாட்டிட்டு தனக்குத் தோணுறதை எழுதச் சொல்லுங்க. முதல் கதை நம்ம பத்திரிகைக்கே வரட்டும், தமிழ்ல, நல்லா இருந்தா போடுறேன். குளிரு, தனிமை, அம்மா வச்ச மீன் குழம்பு, இந்த மூணும் இருந்தா திருப்பி அனுப்பிருவேன், இப்பவே சொல்லி வைங்க.